ஏற்பியும் அதன் கூட்டாளிகளும்: ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயில் புரதங்களின் பங்கு

மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேற்பட்டவை ஹார்மோனைச் சார்ந்து வளர்பவை. உலக அளவில் இவற்றின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. அண்மைக்கால இந்திய ஆய்வுகள் பெரும்பாலும் 50 முதல் 60 விழுக்காடு என்று காட்டுகின்றன. இந்தக் கட்டிகளை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. ஈஸ்ட்ரோஜன் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறு. அது தனியாக எந்த மரபணுவையும் இயக்குவதில்லை, எந்தச் செல்லையும் பிளக்கச் செய்வதில்லை. அதைப் பற்றிக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கு டி.என்.ஏ.வில் இடம் திறந்துவிட வேறு புரதங்கள் வேண்டும். அதனோடு சேர்ந்து மரபணுவை இயக்கச் சில புரதங்கள், செல் பிளவைத் தொடங்கிவைக்கச் சில புரதங்கள் என்று ஒரு வரிசையே வேலை செய்த பிறகுதான் கட்டி வளர்கிறது. இந்நோய்க்கு இன்று தரப்படும் ஹார்மோன் மருந்துகளும் இலக்கு மருந்துகளும் பெரும்பாலும் இந்த வரிசையில் ஏதோ ஒரு புரதத்தை மறிப்பவையே. ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வதும் அவருடைய கட்டியில் இந்தப் புரதங்களுள் எவை உள்ளன என்று சரியாக அளப்பதைப் பொறுத்தே இருக்கிறது.

சென்னைக்கும் அதன் மேற்குப் புறநகர்களுக்கும் இது தொலைவான விஷயம் அல்ல. அடையாறு புற்றுநோய் நிலையத்திலிருந்து இயங்கும் சென்னைப் பெருநகரக் கட்டிப் பதிவேடு 1980-களின் தொடக்கத்தில் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்துவிட்டது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயதுக்கேற்பச் சீராக்கிய கணக்கில் சென்னையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் சுமார் 42 பேருக்கு இந்நோய் புதிதாக வருகிறது. இந்தியப் பதிவேடுகளில் ஹைதராபாத்துக்கு அடுத்து மிக உயர்ந்த எண்களில் இதுவும் ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஆவடி, பூந்தமல்லி போன்ற ஊர்களின் நோயாளிகள் 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் நடைபெறும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் கணக்கிடப்படுகிறார்கள்.

ஏற்பி கண்டறியப்பட்ட வரலாறு

கருப்பைக்கு இருபுறமும் உள்ள சூலகங்களை அகற்றினால் முற்றிய மார்பகக் கட்டி சில பெண்களிடம் சுருங்குகிறது என்பதை கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-இல் லான்செட் இதழில் எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. அறுவை செய்தவர்களில் சிலருக்கு மட்டும் பலன் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேலாக யாராலும் முடியவில்லை.

விடை சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. எல்வுட் ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் 1950-களின் பிற்பகுதியில் கதிரியக்கக் குறியிட்ட எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனை இளம் எலிகளுக்குச் செலுத்தி அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். மற்ற உறுப்புகளிலிருந்து அது விரைவில் வெளியேறியது; கருப்பை போன்ற சில உறுப்புகளில் மட்டும் வேதிமாற்றம் எதுவும் அடையாமல் தங்கியது. ஹார்மோன் எரிபொருளாகச் செலவாகித்தான் வேலை செய்கிறது என்று அன்று பலர் நம்பினார்கள். செலவாகாமல் தங்குகிறது என்றால் அதைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று செல்லுக்குள் இருந்தாக வேண்டும். அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. அது ஒரு புரதம் என்பதும், மார்பகக் கட்டிகளில் சிலவற்றில் அது நிறைய இருக்க வேறு சிலவற்றில் இல்லை என்பதும் பின்னர் தெளிவாயின. பீட்சனின் சிகிச்சை சிலருக்கு மட்டும் பலித்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் இதைத் தொடர்ந்து படிக்க ஒரு கருவியும் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய் பரவிய ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து வளர்த்தெடுத்த எம்.சி.எஃப்-7 என்ற செல் வரிசையை அமெரிக்காவின் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளை 1973-இல் வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறைந்த அந்தச் செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்க்கப்படுகின்றன. இந்த நோயின் புரதங்களைப் பற்றி அறியப்பட்டவற்றில் பெரும்பகுதி அவற்றிலிருந்து கிடைத்ததே.

புரதத்தின் அமைப்பும் இயக்கமும்

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் இரண்டு வகை உண்டு. கட்டியை வளர்ப்பதில் முதன்மையானது ஆல்ஃபா. பீட்டா வகை 1996-இல்தான் கண்டறியப்பட்டது. அதன் பங்கு பற்றிய கருத்துகள் இன்னும் ஒருமுகப்படவில்லை. ஆல்ஃபா ஏற்பி 595 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதன் நடுப்பகுதியில் துத்தநாக அணுக்களால் இறுக்கிப் பிடிக்கப்பட்ட இரு மடிப்புகள் உண்டு, டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி அமர்வது இந்த இடம். பின்பகுதியில் ஹார்மோன் அமரும் குழி. பன்னிரண்டு சுருள்களால் அமைந்த அந்தக் குழியின் வாயில் கடைசிச் சுருள் அசைந்துகொடுக்கும் நிலையில் இருக்கிறது.

ஹார்மோன் இல்லாத நேரத்தில் எச்.எஸ்.பி.90 போன்ற துணைப் புரதங்கள் ஏற்பியைக் குலையாமல் தாங்கிப் பிடித்திருக்கின்றன. எஸ்ட்ரடையால் வந்து குழிக்குள் அமர்ந்ததும் பன்னிரண்டாம் சுருள் செம்பின் மூடிபோல் வாயை மூடிக்கொள்கிறது. இந்த மூடலால் ஏற்பியின் மேற்பரப்பில் ஒரு சிறிய பள்ளம் உருவாகிறது. இயக்கத் துணைப் புரதங்கள் வந்து பற்றுவது அந்தப் பள்ளத்தில்தான். மரபணு இயங்குமா இயங்காதா என்பது சுருளின் இந்த நகர்வில் தீர்மானமாகிறது.

டாமாக்சிஃபென் மருந்து செய்வதும் இதே இடத்தில்தான். அதுவும் அதே குழிக்குள் நுழைகிறது. ஆனால் அதன் நீண்ட பக்கக் கிளை வெளியே துருத்திக்கொண்டு பன்னிரண்டாம் சுருளை மூட விடாமல் தள்ளுகிறது. தள்ளப்பட்ட சுருள் துணைப் புரதங்கள் அமர வேண்டிய பள்ளத்திலேயே போய்ப் படுத்து அதை அடைத்துவிடுகிறது. ஏற்பி இருக்கிறது, டி.என்.ஏ.வில் அமர்ந்தும் இருக்கிறது, ஆனால் வேலை நடப்பதில்லை. 1998-இல் படிக அமைப்பு ஆய்வு மூலம் இந்தக் காட்சி வெளியானபோது, அந்த மருந்து கால் நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருந்தது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் 1962-இல் தயாரித்த அந்தச் சேர்மம் முதலில் கருத்தடை மருந்தாக முயலப்பட்டுத் தோற்றது. மார்பகப் புற்றுநோய்க்கு அதை நிலைநிறுத்தியதில் கிரெய்க் ஜோர்டனின் உழைப்பு பெரிது.

கூட்டாளிப் புரதங்கள்

மனித டி.என்.ஏ. விரித்து வைத்த ஏடு அல்ல. அது ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் இறுகச் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. ஏற்பி அமர வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை மூடியே இருக்கும். அவற்றைத் திறந்துவைப்பது ஃபாக்ஸ்-ஏ1 என்ற புரதம். சுருண்ட பொதிக்குள்ளும் நுழைந்து டி.என்.ஏ.வைப் பற்றக்கூடிய முன்னோடிப் புரதம் அது. 2005-இல் ஜேசன் கரோல் குழுவினர் எம்.சி.எஃப்-7 செல்களில் அதைக் குறைத்துப் பார்த்தபோது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தன் இடங்களில் அமர முடியாமல் போனது. காட்டா-3 என்ற புரதமும் இந்த வேலையில் கூடவே நிற்கிறது. ஹார்மோன் சார்ந்த கட்டிகளில் இந்த மூன்று புரதங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே காணப்படுவது இதனால்தான்.

ஏற்பி அமர்ந்த பிறகு எஸ்.ஆர்.சி. குடும்பத்தைச் சேர்ந்த துணை இயக்கிப் புரதங்கள் வந்து பற்றுகின்றன. அவை ஹிஸ்டோன்களில் வேதிக் குறிகள் இடும் நொதிகளை அழைத்து வருகின்றன. பொதி தளர்கிறது, மரபணு படிக்கப்படுகிறது. இவற்றுள் எஸ்.ஆர்.சி.-3 என்பதற்கு ஏ.ஐ.பி.1 என்ற பெயரும் உண்டு. மார்பகக் கட்டிகளில் அதன் மரபணு பல படிகளாகப் பெருகிக் கிடப்பதைக் கண்டு 1997-இல் வைக்கப்பட்ட பெயர் அது. எதிர்ப்பக்கத்தில் துணை அடக்கிப் புரதங்களும் இருக்கின்றன. டாமாக்சிஃபென் அமர்ந்த ஏற்பி மார்பகத்தில் அவற்றைத்தான் இழுத்துக்கொள்கிறது.

ஒரே மருந்து மார்பகத்தில் தடையாகவும் கருப்பையின் உட்சுவரில் தூண்டலாகவும் நடப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கருப்பைச் செல்களில் துணை இயக்கிகளின் அளவு கூடுதல். அங்கே டாமாக்சிஃபென் பற்றிய ஏற்பி அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் இந்த மாத்திரையை எடுக்கும்போது இரத்தப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தப்படுவது இதனால்தான். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான ஆபத்து சிறியது, ஆனால் உண்மையானது. ஏற்பி ஒன்றாக இருந்தும் அதைச் சூழ்ந்த புரதங்கள் மாறினால் விளைவு தலைகீழாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இயல்பான மார்பகத்தில் இல்லாத ஒரு மாற்றம்

பாடநூல்களில் அதிகம் வலியுறுத்தப்படாத ஒரு செய்தி உண்டு. நோயற்ற மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்கள் பெரும்பாலும் பெருகுவதில்லை. ஹார்மோன் வந்ததும் அவை ஆம்ஃபிரெகுலின் போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. புரோஜெஸ்டிரோன் வந்தால் ரேங்க்-எல் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்டு பெருகுவது அருகில் உள்ள, ஏற்பி இல்லாத செல்கள். ஆணையிடும் செல் வேறு, வேலை செய்யும் செல் வேறு என்ற இந்தப் பிரிவினை வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கிறது.

ஹார்மோன் சார்ந்த புற்றுநோயில் இந்தப் பிரிவினை உடைந்துவிடுகிறது. ஏற்பி கொண்ட செல்லே தான் பெற்ற ஆணையை ஏற்றுத் தானே பிளக்கிறது. அதில் மையப் புரதம் சைக்ளின் டி1. ஏற்பியின் தூண்டலால் சைக்ளின் டி1 பெருகுகிறது, அது சி.டி.கே.4, சி.டி.கே.6 என்ற நொதிகளோடு இணைகிறது. இந்த இணை ஆர்.பி. என்ற காவல் புரதத்தில் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய ஆர்.பி. அதுவரை தன் பிடியில் வைத்திருந்த ஈ2எஃப் புரதங்களை விட்டுவிட, செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிய செல் பிளவை முடித்துத்தான் நிற்கும். செல் சுழற்சியின் இந்த விதிகளை வெளிக்கொணர்ந்ததற்காக லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹண்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அறிவு, சி.டி.கே.4, சி.டி.கே.6 நொதிகளைத் தடுக்கும் பால்போசைக்ளிப் என்ற மருந்தாக 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரைபோசைக்ளிப், அபெமாசைக்ளிப் ஆகியவை பின்னர் வந்தன. இந்தியாவில் பால்போசைக்ளிப்பின் காப்புரிமை 2023 தொடக்கத்தில் முடிந்து உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பிறகு அதன் விலை வெகுவாக இறங்கியது. அதுவரை வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே எட்டிய மருந்து அது.

ஏற்பியின் தூண்டலால் பி.சி.எல்.-2 என்ற புரதமும் பெருகுகிறது. பழுதடைந்த செல் தன்னை மாய்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை அது தடுக்கிறது. பிளவு கூடுவதும் சாவு குறைவதும் சேர்ந்தே கட்டியின் பருமனைத் தீர்மானிக்கின்றன. நோயியல் அறிக்கையில் காணப்படும் கேஐ-67 என்ற எண், பிளவில் ஈடுபட்டிருக்கும் செல்களில் மட்டும் தென்படும் ஒரு புரதம் எத்தனை விழுக்காடு செல்களில் உள்ளது என்பதைக் காட்டுகிறது.

புரோஜெஸ்டிரோன் ஏற்பி

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இயங்கினால் உண்டாகும் புரதங்களுள் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் ஒன்று. அதனால் அது இருப்பது, ஈஸ்ட்ரோஜன் பாதை உண்மையில் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நெடுங்காலம் அது வெறும் அடையாளமாகவே கருதப்பட்டது. 2015-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. புரோஜெஸ்டிரோன் கிடைக்கும்போது இந்த ஏற்பி ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு உடல்ரீதியாகவே சேர்ந்து அதை டி.என்.ஏ.வில் வேறு இடங்களுக்கு நகர்த்துகிறது. அப்போது கட்டியின் வளர்ச்சி குறைகிறது.

இந்தக் கருத்துக்கு மும்பையில் ஒரு முன்கதை உண்டு. டாடா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பட்வேயும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் 1,000 பெண்களிடம் நடத்திய ஆய்வில், அறுவைக்குச் சில நாள் முன் ஒரே ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி போடப்பட்டது. 2011-இல் வெளியான முடிவுகளின்படி ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தெளிவான வேறுபாடு இல்லை. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்த பெண்களிடம் மட்டும் நன்மை தென்பட்டது. மலிவான ஓர் ஊசியைக் கொண்டு கேட்கப்பட்ட இந்தக் கேள்வி, எந்த மருந்து நிறுவனமும் பணம் போட்டுக் கேட்க முன்வராத கேள்வி. இந்திய மருத்துவமனைகளில் இத்தகைய ஆய்வுகள் இன்னும் நடக்க வேண்டும்.

அரோமட்டேஸ்: ஹார்மோனைச் செய்யும் புரதம்

மாதவிடாய் நின்ற பிறகு சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றன. ஆயினும் ஹார்மோன் சார்ந்த கட்டிகள் அந்த வயதில்தான் மிகுதி. அப்போது ஈஸ்ட்ரோஜனைச் செய்வது அரோமட்டேஸ் என்ற நொதிப் புரதம். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்மை ஹார்மோன்களை அது கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் நொதியும் கூடுகிறது. மார்பகத்தின் பெரும்பகுதியே கொழுப்பு என்பதால், கட்டிக்கு வேண்டிய ஹார்மோன் கட்டியின் அருகிலேயே தயாராகிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மாத்திரைகள் இந்த நொதியை முடக்குகின்றன. சூலகம் இயங்கும் வயதில் இவற்றைத் தனியாகக் கொடுத்தால் பலனில்லை. சூலகத்தை ஊசியாலோ அறுவையாலோ அடக்கிய பிறகே கொடுக்க முடியும். இந்தியாவில் இந்நோய் மேற்கு நாடுகளைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருவதால் இந்த வேறுபாடு இங்கே பலரைப் பாதிக்கிறது.

உடல் எடைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைச் சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 1,866 நோயாளிகளையும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நோயற்ற பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2008-இல் வெளியானது. எடையும் இடுப்புச் சுற்றளவும் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்று அது காட்டியது. எடை கூடும்போது இன்சுலினும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிப் புரதமும் கூடிச் செயல்படுவதால், தொடர்பு அரோமட்டேஸ் வழியாக மட்டும் வருவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்வது எளிது. அதற்கான நேரத்தை வேலை நேரத்துக்குள் ஒதுக்கித் தருவதே தேவைப்படும் காரியம்.

மருந்தை மீறும் வழிகள்

ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்பட்ட கட்டி சில ஆண்டுகள் கழித்துத் திரும்புவதுண்டு. அதன் பின்னாலும் புரதங்களே இருக்கின்றன. செல்லின் மேற்புறத்தில் உள்ள ஹெர்-2, ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற வளர்ச்சி ஏற்பிகள் தூண்டப்பட்டால், உள்ளே செல்லும் சமிக்ஞை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் 118-ஆம் இடத்திலும் 167-ஆம் இடத்திலும் உள்ள செரினில் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. அப்படி ஏற்றப்பட்ட ஏற்பி, ஹார்மோன் குறைவாக இருந்தாலும் இயங்கும். பி.ஐ.3-கைனேஸ் என்ற நொதியில் ஏற்படும் திரிபு இன்னொரு வழி. ஹார்மோன் சார்ந்த கட்டிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் அந்தத் திரிபு காணப்படுகிறது. அதை நோக்கிய அல்பெலிசிப் மருந்து 2019-இல் வந்தது. இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் பக்கவிளைவு அதற்கு உண்டு. சர்க்கரை நோய் மிகுந்த தமிழ்நாட்டில் அதைக் கொடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

மூன்றாவது வழி ஏற்பியின் பன்னிரண்டாம் சுருளிலேயே நிகழ்கிறது. 537-ஆம் அல்லது 538-ஆம் அமினோ அமிலம் மாறினால் அந்தச் சுருள் ஹார்மோன் இல்லாமலே மூடிய நிலையில் நின்றுவிடுகிறது. பிறகு அரோமட்டேஸைத் தடுத்துப் பயனில்லை. இந்தத் திரிபு முதல் கட்டியில் அரிது. அரோமட்டேஸ் தடுப்பு மருந்துகளை நீண்ட காலம் எடுத்த பிறகு பரவிய கட்டிகளில் அது மிகுந்து காணப்படுவதை 2013-இல் வெளியான ஆய்வுகள் நிறுவின. இதற்கு எதிரான உத்தி ஏற்பியைத் தடுப்பதை விட்டு அதையே அழிப்பது. ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி ஏற்பியை நிலைகுலையச் செய்து, செல்லின் கழிவகற்றும் ஏற்பாடான புரோட்டியசோமுக்கு அனுப்புகிறது. வாய்வழி எடுக்கும் எலசெஸ்ட்ரன்ட் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்திய நோயாளிகளின் கட்டிகளில் இத்தகைய திரிபுகள் எந்த அளவில் உள்ளன என்பதற்கான அடிப்படைத் தரவு இப்போதுதான் உருவாகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு, நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களிலிருந்து படிக்கப்பட்ட 960 எக்ஸோம்களை (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை) கொண்டது. ஆய்வாளர்களுக்கு அது திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. மரபணுவைப் படித்தால் போதாது. எவ்வளவு புரதம் உண்டாகிறது, அதில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்பதை மரபணு மட்டும் சொல்லாது. இந்தியக் கட்டிகளில் புரதங்களை நேரடியாக அளக்கும் பெரிய ஆய்வுகள் அடுத்த தேவை.

அளவீடு பிழைத்தால்

மேலே சொன்ன அறிவு முழுவதும் ஒரு நோயாளிக்குப் பயன்படுவது ஓர் எளிய பரிசோதனை சரியாக நடந்தால்தான். கட்டியின் மெல்லிய சீவலில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு ஒட்டும் எதிர்ப்புரதத்தை இட்டு, ஏற்பி உள்ள உட்கருக்களைப் பழுப்பு நிறமாகக் காட்டும் ஐ.எச்.சி. பரிசோதனை அது. 100 செல்களில் ஒன்று நிறம் ஏற்றாலும் ஏற்பி உண்டு என்று கொள்ள வேண்டும் என்பது 2010-இலிருந்து பன்னாட்டு நெறி. 1 முதல் 10 விழுக்காடு வரை உள்ளவற்றைக் குறைந்த அளவு என்று தனியாகக் குறிக்க 2020-இல் சொல்லப்பட்டது.

மும்பை டாடா மருத்துவமனையில் 798 கட்டிகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 32.6 விழுக்காட்டிலும், புரோஜெஸ்டிரோன் ஏற்பி 46.1 விழுக்காட்டிலும் இருந்ததாகக் கூறப்பட்டது. இந்தியப் பெண்களின் கட்டி அடிப்படையிலேயே வேறானது என்று பலர் அன்று முடிவு கட்டினார்கள். ஆனால் இரண்டாவது புரதம் பெரும்பாலும் முதல் புரதத்தின் தூண்டலால் உண்டாவது. முதலாவதைவிட இரண்டாவது இவ்வளவு அதிகமாக இருப்பது உயிரியலுக்குப் பொருந்தாத எண். அதே மருத்துவமனையிலிருந்து 2009-இல் தனுஜா ஷேட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, செய்முறை மேம்பட மேம்பட ஏற்பி உள்ள கட்டிகளின் பங்கும் உயர்ந்ததைக் காட்டியது. இந்தியப் பெண்கள் சராசரியாக இளையவர்கள் என்பதும் முற்றிய நிலையில் வருகிறார்கள் என்பதும் வேறுபாட்டில் ஒரு பகுதியை விளக்கும். மீதிப் பகுதியைத் திசுவைப் பேணிய முறையில்தான் தேட வேண்டும்.

உடலிலிருந்து வெட்டி எடுத்த கணத்திலிருந்து கட்டியின் புரதங்கள் சிதையத் தொடங்குகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் அதை 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் இட வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் ஊடுருவும். முழு மார்பகத்தை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு மூடினால் நடுவில் உள்ள கட்டி ஃபார்மலின் எட்டுவதற்குள் அழுகிவிடும். கட்டியின் நடுவே கீறி, மெல்லிய பாளங்களாகத் திறந்து, திசுவின் பருமனைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் இடுவதே முறை.

புறநகர்களில் இந்த இடம்தான் பலவீனமானது. போரூரிலும் தண்டலத்திலும் வேலப்பன்சாவடியிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே அறுவை அரங்குக்கும் நோயியல் துறைக்கும் சில நிமிட நடைதான். ஆனால் மார்பகக் கட்டிகள் எல்லாம் அங்கே அகற்றப்படுவதில்லை. சாதாரணக் கட்டி என்று நினைத்து, வீட்டுக்கு அருகில் உள்ள சிறு நர்சிங் ஹோமில் அகற்றுவது எங்கும் நடக்கிறது. சனிக்கிழமை மாலை எடுத்த கட்டி திங்கட்கிழமை வரை டப்பாவில் காத்திருந்து, பிறகு நகரத்து ஆய்வகத்துக்குப் பயணம் செய்தால், அறிக்கையில் வரும் பூஜ்யம் கட்டியின் பூஜ்யமா டப்பாவின் பூஜ்யமா என்று யாராலும் சொல்ல முடியாது. பரிசோதனைச் சீவலில் கட்டியின் ஓரத்தில் இருக்கும் இயல்பான பால் நாளங்களிலாவது நிறம் ஏறியிருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான். அங்கேயும் ஏறவில்லை என்றால் அந்த அறிக்கையை நம்பக் கூடாது. பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அறுவைக்கு முன்பே ஊசி பயாப்சியில் எடுக்கும் மெல்லிய துண்டுகள் விரைவாகப் பதப்படுவதால் ஏற்பிப் பரிசோதனைக்கு அவையே மேலானவை.

இந்தப் பிழையின் விலை பெரிது. ஏற்பி உள்ள கட்டிக்கு ஐந்தாண்டுகள் டாமாக்சிஃபென் எடுத்தால் முதல் பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள் 2011-இல் உறுதிசெய்தது. அந்த மாத்திரை விலை குறைந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. தவறான எதிர்மறை அறிக்கை பெற்ற பெண் அதை இழக்கிறார். ஹார்மோன் சார்ந்த கட்டி ஐந்து ஆண்டுகள் கழித்தும், இருபது ஆண்டுகள் கழித்தும்கூடத் திரும்பக்கூடியது என்பதால், இழப்பு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே மார்பகத்தில் கட்டி கண்டால் அறுவைக்கு முன் ஊசி பயாப்சி செய்யப்பட வேண்டும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈ.ஆர்.), புரோஜெஸ்டிரோன் ஏற்பி (பி.ஆர்.), ஹெர்-2 ஆகிய மூன்றும் எண்ணோடு கூடிய அறிக்கையாகத் தரப்பட வேண்டும். கட்டியை வெட்டி எடுத்த நேரமும் ஃபார்மலினில் இட்ட நேரமும் ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் எழுதப்பட வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மெழுகில் பதித்த கட்டித் துண்டு பல ஆண்டுகள் கழித்தும் மறுபரிசோதனைக்கு உதவும் என்பதால், அது எந்த ஆய்வகத்தில் உள்ளது என்பதையும் நோயாளியின் குடும்பத்தினர் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.